40 மாணவர்கள், இரண்டு இரவு: எந்த இடத்தைப் பிடிப்பது?

கேள்வி: எங்கள் மாணவர் மன்றத்திலிருந்து 40 பேரை இரண்டு இரவு முகாமுக்கு அழைத்துப் போகிறோம். 16, 17 வயதுப் பிள்ளைகள்; ஆண், பெண் பாதிப் பாதி. கூட வரும் ஆசிரியர்கள் 5 பேர். ஒரு ரிசார்ட்டில் தலைக்கு இவ்வளவு என்கிறார்கள். ஒரு தியான இல்லத்தில் முழு இடத்துக்கும் சேர்த்து ஒரே தொகை. கணக்குப் போட்டால் அது கொஞ்சம் கூடுதல். படத்தில் ரிசார்ட்தான் அழகாக இருக்கிறது. எதை எடுக்கலாம்? வேறு எங்கே தேடலாம்?

பதில்: படங்களை ஓரமாக வைத்துவிட்டு இரண்டு இடத்துக்கும் போன் போடுங்கள். "ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு பிள்ளைக்கு வாந்தி, காய்ச்சல் என்றால் உங்கள் ஆள் யார் வளாகத்தில் இருப்பார்?" என்று கேளுங்கள். பெயரும் நம்பரும் சட்டென்று வந்தால் நல்லது. "வாட்ச்மேன் இருப்பார் சார், பார்த்துக்கொள்ளலாம்" என்று இழுத்தால் யோசியுங்கள்.

அடுத்து, அந்த இரண்டு நாளும் வேறு விருந்தினர் இருப்பார்களா என்று கேளுங்கள். ரிசார்ட்டில் உங்கள் பிள்ளைகள் தூங்கும் மாடியிலேயே முன்பின் தெரியாதவர்களுக்கும் அறை கொடுப்பார்கள். பக்கத்தில் பார் கூட இருக்கலாம். அது அவர்கள் தொழில், குறை சொல்ல முடியாது. ஆனால் 5 ஆசிரியர்கள் அதையும் சேர்த்துக் காவல் காக்க முடியாது. தியான இல்லத்தை முழுதாக உங்களுக்கே விடுகிறார்கள் என்றால், அந்தக் கூடுதல் தொகை அதற்கே சரியாகிவிடும்.

தலைக்கு இவ்வளவு என்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பெரும்பாலும் குறைந்தபட்ச எண்ணிக்கை என்று ஒன்றை ஒப்பந்தத்தில் எழுதியிருப்பார்கள். 45 என்று எழுதிவிட்டு 38 பேர் போனாலும் 45 பேருக்குத்தான் பணம். கடைசி நேரத்தில் நாலைந்து பேர் நின்றுவிடுவது மாணவர் முகாமில் சகஜம். அதனால் எண்ணிக்கையைக் குறைவாக எழுதி, பிறகு கூட்டிக்கொள்ள இடம் கேளுங்கள். ஹால் வாடகை, ஜெனரேட்டர், போர்வை, சுத்தம் செய்யும் கட்டணம் எல்லாம் உள்ளடக்கமா என்பதையும் எழுத்தில் வாங்கிய பிறகு இரண்டு தொகையையும் ஒப்பிடுங்கள். இப்போது தெரியும் வித்தியாசம் அப்போது அப்படியே இருக்காது.

முன்பணம் கட்டுமுன் ஒருவராவது நேரில் போய்ப் பாருங்கள். "60 பேர் படுக்கலாம்" என்பார்கள். கட்டிலா, தரையில் மெத்தையா என்று எண்ணிப் பாருங்கள். குளியலறையையும் எண்ணுங்கள். 40 பேருக்கு 4 என்றால் ஒன்றுக்கு 10 பேர். ஆளுக்கு 8 நிமிடம் என்றாலே 80 நிமிடம் போய்விடும். காலை நிகழ்ச்சி அங்கேயே தள்ளிப்போகும். வெந்நீருக்குக் குளியலறைக்குள்ளேயே கேஸ் கீசர் வைத்து, ஜன்னலையும் அடைத்திருந்தால் அந்த இடம் வேண்டாம். அதிலிருந்து வரக்கூடிய கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.

தூங்கும் மாடியிலிருந்து இறங்க இரண்டு வழி இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது கதவை நீங்களே தள்ளித் திறக்க வேண்டும். பூட்டுத் தொங்கி, சாவி ஆபீஸில் என்றால் அது வழியே இல்லை. பிள்ளைகள் வெளியே ஓடிவிடாமல் இருக்கத்தான் பூட்டுகிறோம் என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். நெருப்புக்கு அது தெரியாது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனி மாடியோ தனிக் கட்டடமோ வேண்டும். ஆசிரியர் அறை படிக்கட்டை ஒட்டி இருக்கட்டும்.

வேறு எங்கே என்றால், சாரணர் முகாம் திடல்கள், விடுமுறைக் காலத்தில் பல்கலைக்கழக விடுதிகள், தங்கிப் படிக்கும் பயிற்சி நிலையங்கள், அப்புறம் யூத் ஹாஸ்டல்கள், அதாவது இளைஞர்கள் குறைந்த செலவில் தங்கும் விடுதிகள். யூத் ஹாஸ்டல் என்ற யோசனையே பள்ளிப் பிள்ளைகளுக்காக வந்ததுதான். ரிச்சர்ட் ஷிர்மன் என்ற ஜெர்மன் ஆசிரியர் 1909இல் மாணவர்களோடு நடைப்பயணம் போய் மழையில் மாட்டிக்கொண்டு, ஒரு பள்ளிக்கூடத்தில் இரவைக் கழித்தபோது தோன்றிய யோசனை. 1912இல் ஜெர்மனியின் ஆல்ட்டெனா கோட்டையில் முதல் நிரந்தர விடுதி வந்தது. ஆனால் யூத் ஹாஸ்டல்களிலும் மற்றவர்கள் தங்குவார்கள். தனிப் பகுதி தருவார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் இரண்டில் நான் தியான இல்லத்தைத்தான் எடுப்பேன். ஒன்றை மட்டும் முன்பே பேசிவிடுங்கள்: இப்படிப்பட்ட இடங்களில் இரவு இத்தனை மணிக்கு மேல் சத்தம் கூடாது, பாட்டு கூடாது என்று விதி இருக்கும். கடைசி இரவு கலை நிகழ்ச்சி வைத்திருந்தால் அங்கே போய் நின்று மல்லுக்கட்ட முடியாது.

முகாம் தள்ளிப்போனால் பணத்தைத் திருப்பித் தராவிட்டாலும் தேதி மாற்றித் தருவார்களா என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். போய் இறங்கியதும், பைகளை உள்ளே வைக்குமுன், அறைகளைச் செல்போனில் படம் எடுத்து மேலாளருக்கு அனுப்பிவிடுங்கள். உடைந்த கண்ணாடிக்கும் கிறுக்கிய சுவருக்கும் வைப்புத்தொகையில் பிடித்தால் பேச அந்தப் படங்கள் போதும்.