பெயர் சொல்லாத வசை யாரைச் சுடும்?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். திருகோணமலை உப்புவெளிப் பக்கத்தில் ஒரு சனசமூக நிலையத்தின் செயலாளராக இருக்கிறேன். எங்கள் ஆண்டு விழாவில் கலாசாரம் பற்றிப் பேச அழைக்கப்பட்டிருந்த பெரியவர், பாதியில் தன்பாலீர்ப்புள்ளவர்கள் பக்கம் திரும்பினார். அவர்கள் நோயாளிகள், சிறுபிள்ளைகளைக் கெடுப்பவர்கள், வெளிநாட்டுக் காசுக்கு ஆடுபவர்கள், ஊரைவிட்டு விரட்டப்பட வேண்டியவர்கள் என்று நெடுநேரம் பேசினார். சபை கைதட்டியது. என் தங்கையின் மகள் மட்டும் எழுந்து வெளியே போய்விட்டாள். மறுநாள் வீட்டுக்கு வந்து, "மாமா, அதே மேடையில் நீங்கள் மறுப்புச் சொல்ல வேண்டும்" என்றாள். பேச்சாளர் யாருடைய பெயரையும் சொல்லவில்லை. எங்கள் பகுதியில் அப்படிப்பட்டவர்கள் இருப்பதாகவும் எனக்குத் தெரியாது. அப்படியிருக்க யாருக்கு என்ன பாதிப்பு? பேச்சுச் சுதந்திரம் என்று ஒன்று இருக்கிறதல்லவா? எங்கள் தலைவர், இதை ஒரு பட்டிமன்றமாக வைத்து முடித்துவிடலாம் என்கிறார். மருமகளைப் பற்றியும் மனதில் ஒரு கேள்வி இருக்கிறது. கேட்கத் தயக்கமாக உள்ளது.

பதில்: ஐயா, அவர் யாருடைய பெயரையும் சொல்லவில்லை என்பதையும், அப்படிப்பட்டவர்கள் இருப்பதாகத் தெரியாது என்பதையும் பாதிப்பு இல்லை என்பதற்குச் சான்றாக நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். பாதிப்பு எங்கே இருக்கிறது என்பதை அந்த இரண்டும் சேர்ந்தே காட்டிவிடுகின்றன. ஒருவரைப் பெயர் சொல்லித் திட்டினால் அவர் எழுந்து பதில் சொல்லலாம்; அவருக்காக உறவினர் கேட்கலாம்; மானநட்ட வழக்குத் தொடரலாம். பெயர் சொல்லாமல் ஒரு வகை மனிதரை முழுவதுமாக இழிவுபடுத்தும்போது, அந்தச் சபையில் இருக்கும் அவ்வகை மனிதர் வாய் திறந்தாலே தன்னைக் காட்டிக்கொடுத்தவராகிறார். ஆகவே அவர் பேசுவதில்லை. பக்கத்திலிருப்பவர் கைதட்டினால் தானும் கைதட்ட வேண்டியவராகிறார். நீங்கள் மேடையிலிருந்து பார்த்தபோது எல்லோரும் ஒருமனதாகக் கைதட்டியதுபோலத் தெரிந்திருக்கும். அதில் எத்தனை கைகள் பயத்தில் தட்டின என்பதை மேடையிலிருந்து யாராலும் சொல்ல முடியாது.

"எங்கள் பகுதியில் இல்லை" என்று உங்களால் எழுத முடிவதும் இப்படிப்பட்ட பேச்சுகளின் விளைவுதான். அப்படி ஒருவரும் இல்லாத ஊர் கிடையாது. சொல்லிக்கொள்ள முடியாத ஊர்கள்தான் இருக்கின்றன. பல ஆண்டுகள் வகுப்பறையில் நின்ற உங்களிடம் படித்தவர்களிலும் சிலர் இருந்திருப்பார்கள். அவர்கள் உங்களிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அடுத்து ஒலிபெருக்கி. நம் ஊர்களில் ஒரு விழா மண்டபத்துக்குள் மட்டும் நடப்பதில்லை. கம்பத்தில் கட்டிய குழாய் இரண்டு மூன்று ஒழுங்கைகளுக்கு அப்பாலும் பேச்சைக் கொண்டுபோகிறது. உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கும் ஒரு பையன் அதைக் கேட்கிறான். அவனுக்குள் இருக்கும் விடயம் அவனுக்கு மட்டுமே தெரியும். பேச்சாளர் யாரோ ஒருவர், அவரை மறந்துவிடலாம். ஆனால் குசினியிலிருந்து அம்மா "சரியாகத்தான் சொல்கிறார்" என்கிறார். அப்பா ஆமாம் போடுகிறார். அந்த ஒரு வார்த்தையை அவன் மறக்கமாட்டான். மேடையில் பேசுபவர் வீட்டிலுள்ளவர்களின் வாயில் சொற்களைப் போட்டுவிட்டுத் தன் வாகனத்தில் ஏறிப் போய்விடுகிறார். அச்சொற்கள் சாப்பாட்டு வேளையில், கலியாணப் பேச்சில், பக்கத்து வீட்டுப் பையனின் நடையைக் கேலிசெய்வதில் திரும்பத் திரும்ப வருகின்றன.

இது என் கற்பனை அல்ல. அவுஸ்திரேலியாவில் 2017ஆம் ஆண்டு ஒருபால் திருமணம் குறித்து அஞ்சல் வழியாக மக்களின் கருத்துக் கேட்கப்பட்டபோது, எதிர்ப்பிரசாரம் பல மாதங்கள் ஊடகங்களில் ஓடியது. அக்காலத்தில் தன்பாலீர்ப்புள்ளவர்களிடம் உளவியலாளர்கள் ஆய்வு நடத்தி 2019இல் வெளியிட்டார்கள். எதிர்ச்செய்திகளை அதிகம் கேட்க நேர்ந்தவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் மன அழுத்தமும் அதிகமாகக் காணப்பட்டன. அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: தம் நெருங்கிய வட்டத்தின் ஆதரவு தமக்கு இருப்பதாக உணர்ந்தவர்களிடம் அந்தத் தாக்கம் குறைவாக இருந்தது. கலிபோர்னியாவில் நடந்து 2009இல் வெளியான மற்றோர் ஆய்வில், இளவயதில் குடும்பத்தினரின் கடுமையான நிராகரிப்புக்கு ஆளானவர்கள், அப்படி ஆளாகாதவர்களைவிட எட்டு மடங்குக்கும் அதிகமாகத் தற்கொலைக்கு முயன்றதாகக் கூறியிருந்தார்கள். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். வெளியே கேட்கும் வெறுப்பைத் தாங்கச் செய்வது வீடு; அந்த வீட்டையே வெறுப்பின் பக்கம் திருப்பிவிடுவது மேடைப் பேச்சு.

பேச்சாளர் சொன்னவற்றில் எனக்கு மிகவும் ஆபத்தானதாகத் தெரிவது, "சிறுபிள்ளைகளைக் கெடுப்பவர்கள்" என்பதுதான். பெற்றோர் கைதட்டுவதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அவர்களுடைய பயம் உண்மையானது. ஆனால் சிறுவர் துஷ்பிரயோகம் என்பது குற்றம். அதைச் செய்தவர் ஆணா பெண்ணா, திருமணமானவரா தனியாள்தானா என்பதெல்லாம் அந்தக் குற்றத்தைக் கூட்டவோ குறைக்கவோ போவதில்லை. பெரும்பாலான சம்பவங்களில் குற்றவாளி பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்தவராகவும், குடும்பத்தின் நம்பிக்கையைப் பெற்றவராகவுமே இருக்கிறார். ஊரின் சந்தேகம் முழுவதும் நடையுடை வேறாக இருக்கும் ஒரு இளைஞன்மீது திருப்பிவிடப்பட்டால், நல்ல பெயருடன் வீட்டுக்குள் வந்துபோகும் ஆளை யாரும் கவனிப்பதில்லை. இதைவிடக் கொடிய விளைவும் உண்டு. ஓர் ஆணால் துன்புறுத்தப்பட்ட சிறுவன் இந்தப் பேச்சைக் கேட்டால், தனக்கு நடந்ததை வெளியே சொன்னால் தன்னையும் "அந்த ஆள்" என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்து வாயை மூடிக்கொள்வான். பிள்ளைகளைக் காப்பதாக நினைத்துப் பேசிய பேச்சு, பிள்ளைகள் முறையிடும் வழியை அடைத்துவிடுகிறது. உங்கள் நிலையத்துக்குப் பிள்ளைகள்மீது அக்கறை இருந்தால், சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்தைப் பெரிதாக எழுதி அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள்.

நோய் என்பதற்கு நீண்ட பதில் தேவையில்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973இலும், உலக சுகாதார நிறுவனம் 1990ஆம் ஆண்டு மே 17ஆம் திகதியும் இதை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டன. நோய் இல்லாத இடத்தில் வைத்தியம் தேடுவது தீங்கில்தான் முடியும். இப்படியான பேச்சைக் கேட்டுப் பயந்த பெற்றோர் மகனைப் பேயோட்டுபவரிடமும், பிறகு அவசர அவசரமாக ஒரு கலியாணத்துக்கும் கொண்டுபோகிறார்கள்; அந்தக் கலியாணத்தில் ஒன்றும் அறியாத ஒரு பெண்ணின் வாழ்க்கையும் சேர்ந்து போகிறது. வெளிநாட்டு இறக்குமதி என்பதற்கோ இன்னும் சுருக்கமான பதில் போதும்: இந்நாட்டில் இதைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டக்கோவை, 1883இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது.

சட்டத்தின் நிலையையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் பாதிக்கப்பட்டவர் ஏன் பொலிசுக்குப் போவதில்லை என்பது அங்கேதான் விளங்கும். அந்தச் சட்டக்கோவையின் 365, 365அ ஆகிய பிரிவுகள் இன்னும் நீக்கப்படவில்லை. 365அ முன்பு ஆண்களை மட்டுமே குறித்தது. 1995ஆம் ஆண்டுத் திருத்தம் அதைப் பெண்களுக்கும் விரித்தது. இவற்றைத் திருத்துவதற்கான தனிநபர் சட்டமூலம் ஒன்று அரசியலமைப்புக்கு முரணானதல்ல, சாதாரண பெரும்பான்மையாலேயே நிறைவேற்றலாம் என்று உயர் நீதிமன்றம் 2023 மே மாதம் தீர்மானித்தது. ஆனால் அது நிறைவேறுமுன்பே 2024இல் நாடாளுமன்றம் கலைந்தது. இன்னொரு பக்கம், வெறுப்பைத் தூண்டும் பேச்சைக் குற்றமாக்கும் 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம், தேசிய, இன, மத வெறுப்பைப் பற்றியே பேசுகிறது. பாலீர்ப்பு அதில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படவில்லை. மேடையில் அடிபட்டவருக்கு முறையிடச் சட்டத்தில் தெளிவான வழி இல்லை, முறையிடப் போனால் தானே குற்றவாளியாகிவிடுவேனோ என்ற பயமும் உண்டு. 2021இல் பொலிசாருக்கான பயிற்சி நிகழ்ச்சி ஒன்றிலேயே பேச்சாளர் ஒருவர் இவர்களை இழிவாகப் பேசிய காணொளி வெளிவந்து, விடயம் மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. அத்தகைய பேச்சைக் கேட்டுவிட்டு நிலையத்தில் கடமைக்கு அமரும் உத்தியோகத்தரிடம் எவர் நம்பிப் போவார்?

பேச்சுச் சுதந்திரம் உண்டு; அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை அதைத் தருகிறது. அந்தப் பெரியவரைச் சிறையில் போட வேண்டும் என்று உங்கள் மருமகள் கேட்கவில்லையே. உங்கள் மேடை, உங்கள் ஒலிவாங்கி, உங்கள் நிலையத்தின் பெயர் எழுதிய பதாகை ஆகியவற்றின்கீழ் சொல்லப்பட்டதை நீங்களும் ஏற்கிறீர்களா என்றுதான் கேட்கிறாள். அதற்குப் பதில் சொல்லும் சுதந்திரம் உங்களுக்கும் இருக்கிறது. இந்த மாவட்டத்துத் தமிழர்களுக்கு, ஒரு கூட்டத்தை முழுவதுமாக "விரட்டப்பட வேண்டியவர்கள்" என்று மேடை போட்டுச் சொல்வது எப்படி ஆரம்பித்து எங்கே போய் நிற்கும் என்று நான் எழுதித்தான் தெரிய வேண்டுமா? அக்காலத்தில் நம்மைப் பற்றி அப்படிப் பேசப்பட்டபோது, எதிர்த்துச் சொல்ல வேண்டிய இடத்தில் இருந்தவர்கள் மௌனமாக இருந்ததைத்தான் நாம் இன்றும் குறையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

பட்டிமன்றம் வேண்டவே வேண்டாம். பட்டிமன்றத்துக்கு இரண்டு அணி வேண்டும், நகைச்சுவை வேண்டும், நடுவரின் தீர்ப்பு வேண்டும். சில மனிதர்கள் இந்த ஊரில் மரியாதையாக வாழலாமா கூடாதா என்பதை இரண்டு அணியாகப் பிரிந்து கைதட்டலுக்காக வாதாடினால், எதிரணியில் பேசுபவர் முதற்பேச்சாளரைவிட ஒருபடி மேலே போகவே பார்ப்பார். ஒலிபெருக்கி வழியாக அந்தப் பையன் இரண்டாம் முறையும் கேட்பான், இந்த முறை சிரிப்பொலியோடு. உங்கள் தலைவர் நல்ல எண்ணத்தில் சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் இந்த யோசனையைக் கூட்டத்தில் எடுக்கவே விடமாட்டேன்.

செய்யக்கூடியது இதைவிடச் சிறியது, ஆனால் தெளிவானது. முதலில் அந்தப் பெரியவரைத் தனியாகப் போய்ச் சந்தியுங்கள். ஊரில் மதிப்புள்ளவரைச் சபையில் தலைகுனிய வைத்தால் அவர் தன் கருத்தில் இன்னும் இறுகிப்போவார். அவர் மனம் மாறினால் நல்லது. மாறாவிட்டாலும், அடுத்த நிகழ்வின் வரவேற்புரையிலேயே, அதே ஒலிபெருக்கியில், நிலையத்தின் சார்பில் நான்கு வரி வாசியுங்கள். சென்ற விழாவில் சொல்லப்பட்ட சில கருத்துகள் நிலையத்தினுடையவை அல்ல. தன்பாலீர்ப்பு நோயுமல்ல, பிள்ளைகளுக்கு ஆபத்துமல்ல. இந்த நிலையத்தின் வாசல் அவர்களுக்கும் அவர்களுடைய குடும்பங்களுக்கும் திறந்தே இருக்கிறது. மனம் தளர்ந்திருப்பவர்கள் தேசிய மனநல உதவிச் சேவையை 1926 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைக்கலாம். இவ்வளவு போதும். மறுப்பதற்காகக்கூட அந்த வசைச் சொற்களைத் திரும்பச் சொல்லாதீர்கள். உங்கள் முகநூல் பக்கத்தில் அந்தப் பேச்சின் காணொளி இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். பிறகொரு நாள், அரச வைத்தியசாலை மனநல மருத்துவர் ஒருவரை அழைத்துப் பெற்றோருக்கென ஒரு கூட்டம் வைத்தால் நல்லது. அதற்கு ஒலிபெருக்கி வேண்டாம், பெற்றோர் மனம்விட்டுக் கேள்வி கேட்கட்டும்.

மருமகளிடம் நீங்கள் கேட்கத் தயங்கும் கேள்வி என்னவென்று ஊகிக்க முடிகிறது. அதைக் கேட்காதீர்கள். அவள் தனக்காக எழுந்து போனாளா, ஒரு தோழிக்காகப் போனாளா, நியாயத்துக்காகப் போனாளா என்பது அவளாகச் சொல்ல விரும்பினால் மட்டும் நீங்கள் அறிய வேண்டியது; நீங்கள் செய்ய வேண்டியது எதுவும் அந்தப் பதிலால் மாறப்போவதில்லை. மாறாக, அவள் வெளியேறியதைப் பற்றி ஊரில் யாராவது கதைத்தால், "அவள் செய்தது சரி" என்று மாமனாகிய நீங்கள் முந்திக்கொண்டு சொல்லுங்கள். தங்கையின் காதிலும் அது விழட்டும்.

நிர்வாக சபையில் எதிர்ப்பு வரலாம். பெரியவரைப் பகைக்க முடியாது, நன்கொடை நின்றுவிடும், கோயில்காரர்கள் என்ன சொல்வார்கள் என்றெல்லாம் பேசப்படும். வாக்கெடுப்பில் நீங்கள் தோற்கவும்கூடும். அப்படித் தோற்றால், உங்கள் மாற்றுக் கருத்தைக் காரணத்தோடு கூட்டக் குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள்; குறிப்பேடு செயலாளரின் கையில்தானே இருக்கிறது. அடுத்த விழாவுக்குப் பேச்சாளரை அழைக்கும் கடிதத்தில், எந்தப் பிரிவினரையும் இழிவுபடுத்திப் பேசுவதில்லை என்ற நிபந்தனையையும் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள். அந்த ஒரு வரியை எதிர்த்துப் பேச உங்கள் சபையில் அநேகமாக யாருக்கும் வாய் வராது.