லயத்துக்கு மேலே நிற்கும் பைனஸ்

அன்புள்ள ஐயா,

எங்கள் லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) மேலே பைனஸ் காடு இருக்கிறது. அதுதான் தேவதாரு, சிவனுக்கு உகந்த மரம் என்கிறார் அம்மாயி. பக்கத்து வீட்டில் சளிக்கு அதன் இலையை அவித்துக் குடிக்கிறார்கள், பாலை எடுத்துப் பித்தவெடிப்புக்குப் பூசுகிறார்கள். இதெல்லாம் சரியா? அந்த மரத்துக்கு நம் பக்கத்தில் கதை ஏதும் உண்டா? பருவம் என்று ஒன்று உண்டா? எப்போது பார்த்தாலும் ஒரே பச்சையாகத்தானே நிற்கிறது.

எஸ்., பண்டாரவளை

அன்புள்ள எஸ்.,

அம்மாயி சொல்லும் தேவதாரு வேறு, உங்கள் லயத்துக்கு மேலே நிற்பது வேறு. மருந்தைப் பற்றிப் பேசுமுன் இதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

இலங்கையில் இயற்கையாக முளைத்த பைன் கிடையாது. தென்னிந்தியாவிலும் கிடையாது. மலையகத்தில் அதிகம் காண்பது கரீபியன் பைன். நடு அமெரிக்காவும் கியூபா, பஹாமாஸ் தீவுகளும் அதன் சொந்த ஊர். கைவிட்ட தேயிலை மலைகளிலும் பத்தனை எனும் மலைப் புல்வெளிகளிலும் பெரும்பாலும் 1970களிலும் 80களிலும் நட்டார்கள். ஒரு கொத்தைப் பிடுங்கிப் பாருங்கள். அடியில் ஒரே உறைக்குள் மூன்று ஊசிகள் இருக்கும், சிலவேளை நான்கு. நீளம் 15 முதல் 25 செ.மீ. இமயமலைத் தேவதாருவின் ஊசி பெரும்பாலும் 5 செ.மீ.க்குள் அடங்கிவிடும். இருபது முப்பது ஊசிகள் குட்டைக் காம்பொன்றில் பூப்போல விரிந்திருக்கும்.

குழப்பம் இதோடு முடியவில்லை. நம் வறண்ட வலயத்துப் பற்றைக்காடுகளில் வளரும் செம்மணத்திக்கும் தேவதாரம் என்றே பெயர், சிங்களத்திலும் தேவதார என்பார்கள். பழைய வைத்தியத்தில் பைன் இனத்துக்கென்று இருக்கும் பெயர் சரளம், அதுவும் இமயமலை மரந்தான். ஆக, ஏட்டில் தேவதாரு என்று கண்டால் மலைக்கு ஏறிப் பைனஸை ஒடித்துக்கொண்டு வரக்கூடாது.

கதையும் அப்படியே. சிவன் பிட்சாடனராகப் போன தாருகாவனம் தேவதாருக் காடு. பார்வதி பிள்ளைபோல் நீர்வார்த்து வளர்த்த மரத்தில் யானை உரசிப் பட்டை உரிந்ததால் சிவன் அங்கே சிங்கத்தைக் காவல் வைத்தாரே, அதுவும் தேவதாருதான். பைனுக்குக் கதை வேண்டுமென்றால் கிழக்கே பார்க்க வேண்டும். சீனாவில் பைன், மூங்கில், பிளம் மூன்றும் குளிர்காலத்தின் நண்பர்கள். ஜப்பானில் புத்தாண்டுக்கு வாசலில் பைன் கிளை வைப்பார்கள். கொரியாவில் பிள்ளை பிறந்த வீட்டு வாசலில் வைக்கோல் கயிறு கட்டி, ஆண் என்றால் செத்தல் மிளகாயும் பெண் என்றால் பைன் கொப்பும் செருகுவது வழக்கம். நாம் வேப்பிலை செருகுவதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

நம் மலைக்குச் சொந்தமான பைனஸ் கதை ஒன்றே ஒன்றுதான்: அது தண்ணீரைக் குடிக்கும், கீழே எதையும் முளைக்கவிடாது. முதல் பாதியில் உண்மை இருக்கிறது. புல்வெளியில் பைன் நட்டால் ஓடைநீர் குறைவதைத் தென்னாப்பிரிக்க நீரேந்து பகுதிகளில் நீண்டகாலம் அளந்து காட்டியிருக்கிறார்கள். புல் காயும் மாதங்களிலும் பைன் ஆழமாக வேர்விட்டு உறிஞ்சிக்கொண்டே இருக்கும், பெய்யும் மழையிலும் ஒரு பங்கை ஊசிகளே தடுத்து ஆவியாக்கிவிடும். இரண்டாவது பாதி அவ்வளவு சரியில்லை. சிங்கராஜ மழைக்காட்டின் ஓரத்துப் பைன் தோட்டத்தில் காட்டியல் ஆய்வாளர்கள் மார்க் அஷ்டனும் நிமல், சாவித்திரி குணதிலக இணையரும் மூன்று வரிசைப் பைனை வெட்டி இடைவெளி விட்டு, உள்ளூர்க் காட்டு மரக்கன்றுகளை நட்டுப் பார்த்தார்கள். கன்றுகள் நன்றாகவே எழும்பின. பெரிய தடை நிழல்தான்.

இனி மருந்து. குடிக்க வேண்டாம் என்பதே என் பதில். பைன் தேநீர் பனி நாடுகளின் தேவை. பச்சை காணாத மாதங்களில் விற்றமின் சி கிடைக்க அங்கே வேறு வழி குறைவு. உங்கள் வேலியோரத்துக் கொய்யாவில் 100 கிராமுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. அதை விட்டுவிட்டு ஊசியை அவிப்பானேன்? வட அமெரிக்காவின் பொண்டெரோசா பைன் ஊசியைத் தின்ற சினைப்பசுக்கள் கன்று வீசியிருக்கின்றன. ஆகவே கர்ப்பிணிகள் எந்தப் பைன் கஷாயமும் தொடக்கூடாது, சினைமாட்டுக்குக் கொப்பு ஒடித்துப் போடவும் கூடாது.

ஆவி பிடிக்கலாம். ஒரு லீற்றர் தண்ணீரைக் கொதிக்கவைத்து அடுப்பிலிருந்து இறக்கியபின், கழுவி இரண்டு அங்குலமாக நறுக்கிய பச்சை ஊசி இரண்டு கைப்பிடி போட்டு ஐந்து நிமிடம் மூடிவையுங்கள். சட்டியை மேசையில் வைத்து, முகத்தை ஓர் அடி தள்ளி, துவாய் போர்த்திப் பத்து நிமிடம். பலர் ஊசியைப் போட்டுத் திறந்த சட்டியில் அரைமணி நேரம் கொதிக்கவைக்கிறார்கள். வாசனை எண்ணெய் அவ்வளவும் குசினிக்குள் போய்விடும், சட்டியில் மிஞ்சுவது கசப்புத் தண்ணீர். இழுப்பு உள்ளவர்களுக்கு இந்த வாசனையே முட்டலைக் கிளப்பலாம், அவர்களுக்கு வேண்டாம். தோட்டங்களில் டர்பன்டைன் மரம் என்பது யூகலிப்டஸ். அதற்கும் பைனுக்கும் உறவில்லை. கடையில் பெயின்டுக்கு விற்கும் டர்பன்டைனை ஆவித் தண்ணீரில் ஒரு சொட்டும் விடக்கூடாது. தவறி விழுங்கினால் அது நுரையீரலுக்குள் இறங்கிவிடும்.

பாலைப் பித்தவெடிப்புக்கு வெறுமனே பூசினால் தூசியைப் பிடித்துக் கருப்பாக ஒட்டிக்கொள்ளும். களிம்பாக்குவது நல்லது. பட்டையைக் கொத்திப் பால் வடிக்க வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். உங்களுக்கு அது தேவையில்லை, பழைய காயத்தில் உறைந்து உதிரும் கட்டி போதும். 20 கிராம் கட்டியை நன்றாக உலரவிட்டுப் பொடித்து, 100 மில்லிலீற்றர் நல்லெண்ணெயில் போட்டு, கொதிநீர்ச் சட்டிக்குள் இன்னொரு கிண்ணம் வைத்துக் கரையுங்கள். அரைமணி நேரமாவது பிடிக்கும். நேராக நெருப்பில் வைத்தால் கிளம்பும் ஆவி தீப்பிடிக்கும். பழைய வேட்டித் துணியில் வடித்து, 15 கிராம் தேன்மெழுகை அதே சூட்டில் உருக்கிச் சேர்த்து ஊற்றிவையுங்கள். தேங்காயெண்ணெயில் செய்தால் உங்கள் ஊர்க் குளிரில் கல்லாகிவிடும். அது 24 பாகைக்குக் கீழே உறையும் எண்ணெய். பைன் பிசின் ஒவ்வாமை சிலருக்கு உண்டு. முழங்கை மடிப்பில் கொஞ்சம் பூசி இரண்டு நாள் பாருங்கள். நீரிழிவு உள்ளவர் காலுக்கும், இரத்தம் கசியும் வெடிப்புக்கும் இது வேண்டாம்.

பருவம் இல்லையா? காயை எடுத்து இறவாணத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். மார்கழிப் பனிமூட்டத்தில் செதில்கள் இறுக மூடிக்கொள்ளும், வெயில் அடித்தால் விரியும். செதிலின் வெளிப்புற அடுக்கு ஈரத்தில் உட்புறத்தைவிடக் கூடுதலாக ஊதுவதுதான் காரணம், அதனால் செத்த காயும் வருடக்கணக்கில் வேலை செய்யும். ஆனால் அது காட்டுவது இப்போதைய ஈரத்தை. நாளைய மழையை அதனிடம் கேட்கக்கூடாது. மூட்டத்தின்போது மரத்தடியில் நின்றால் வெளியே தூறல் இல்லாமலே தலை நனையும். ஊசிகள் பனியை வடித்துச் சொட்டாக்குகின்றன.

உங்கள் ஊவா மாகாணத்தில் பைனின் உச்சப் பருவம் கச்சான் எனும் வறண்ட காற்று வீசும் ஜூன் முதல் செப்டெம்பர் வரை. நடுப்பகலில் பிசின் வாசம் லயம்வரை இறங்கும், தரை முழுக்கச் செம்பழுப்பு ஊசி மெத்தை. பார்க்க அழகு, காட்டுத்தீக்கும் அதுவே விறகு. லயத்துக் கூரையிலும் பீலியிலும் சேரும் ஊசிகளைக் கச்சான் தொடங்குமுன் அள்ளிவிடுங்கள், சுவரிலிருந்து குறைந்தது 10 மீட்டருக்குத் தரையையும் கூட்டிவையுங்கள். கூட்டியதைக் கொளுத்தவேண்டாம். வீட்டுக்குத் தள்ளியிருக்கும் மரக்கறிப் பாத்தியில் இரண்டு அங்குலத்துக்குப் பரப்பினால் சரிவில் மண் கரையாது.