ஆசிரிய மாணவராக இருந்தபோது நீங்கள் எடுத்த பாடங்களில் மறக்க முடியாதது எது?

ஆடிப்பிறப்புப் பாடம்தான். அதற்குக் கிடைத்த புள்ளி சுமார்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கல்வியியற் கல்லூரியில் படிக்கும்போது யாழ்ப்பாணத்தில் ஒரு பாடசாலைக்குக் கற்பித்தற் பயிற்சிக்குப் போனேன். தரம் 8. மறுநாள் ஆடிப்பிறப்பு என்பதால் அதையே பாடமாக எடுத்தேன். டிமைத் தாளில் கூழ்ப்பானை கீறி, வறுத்த பயறு, பச்சரிசி மா, பனங்கட்டி, தேங்காய்ப்பால், தேங்காய்ச் சொட்டு என்று பெயர் எழுதி ஒட்டினேன். கூழ் குடிக்கும் கிண்ணமாக மடித்து ஈர்க்குக் குத்திப் பிள்ளைகள் பழக ஒரு கட்டுப் பலாவிலையும் கொண்டுபோனேன். பின்வாங்கில் விரிவுரையாளர், கொப்பியும் பேனையுமாக.

தொடக்கம் நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் பாட்டு. அது இல்லாமல் எங்கள் ஊரில் ஆடிப்பிறப்புப் பாடம் எடுக்க ஏலாது. நாளைக்கு விடுதலை என்று பிள்ளைகள் துள்ளும் பாட்டு அது. பாடி முடிந்ததும் முன்வாங்கில் ஒருவன், "அப்ப ஏன் ரீச்சர் எங்களுக்கு நாளைக்குப் பள்ளிக்கூடம்?" என்றான். வகுப்பே சிரித்தது. அதைச் சமாளித்துவிட்டேன்.

அடுத்ததைத்தான் சமாளிக்க முடியவில்லை. ஆடி முதல் நாள் தட்சிணாயனம் தொடங்குகிறது, சூரியன் தெற்கே திரும்பும் நாள் என்று கரும்பலகையில் எழுதினேன். ஒரு பிள்ளை எழும்பினாள். "ரீச்சர், சூரியன் திரும்புறது யூன் 21 எண்டெல்லோ புவியியல் சேர் சொன்னவர்?"

எனக்குப் பேச்சு வரவில்லை. இரண்டையும் சின்ன வயதிலிருந்து படித்தவள்தான். ஒன்றை மற்றதோடு ஒருநாளும் வைத்துப் பார்த்ததில்லை. அது சமயக் கணக்கு, இது விஞ்ஞானக் கணக்கு என்று சொல்லித் தப்பியிருக்கலாம். அந்தப் பதில் எனக்குப் பிடிப்பதில்லை. "நாளைக்குச் சொல்லுறன்" என்றேன். விரிவுரையாளர் எதையோ எழுதினார்.

இரவு இருந்து தேடினேன். பஞ்சாங்கம் சூரியனை நட்சத்திரங்களை வைத்து அளக்கிறது. கடக ராசிக்குள் அது புகும் நாள்தான் ஆடிப்பிறப்பு. ஆனால் பூமியின் அச்சு, ஓயப்போகிற பம்பரத்தின் தலைபோல மெல்லச் சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 26,000 ஆண்டு. அதனால் நட்சத்திரக் கணக்கு ஆண்டு, பருவங்களின் ஆண்டைவிட 20 நிமிடமளவில் நீளம். ஆடிப்பிறப்பும் ஆண்டுக்கு அவ்வளவு பிந்திக்கொண்டே போகிறது.

மிச்சத்தை மறுநாள் பிள்ளைகளே கணக்குப் பார்த்தார்கள். 20 நிமிடங்கள் சேர்ந்து ஒரு நாளாக 72 ஆண்டு. யூன் 21 இலிருந்து யூலை நடுப்பகுதிக்கு 25 நாள் சொச்சம். பெருக்கினால் 1800. நுணுக்கமாகப் பார்த்தால் கொஞ்சம் குறையும், பரவாயில்லை. அவ்வளவு காலத்துக்கு முன்பு சூரியன் திரும்பியதும் ஆடி பிறந்ததும் ஒரே நாளில்தான். தைப்பொங்கலுக்கும் உத்தராயணத்துக்கும் இதே கதை.

அப்புறம் மீற்றர் தடி ஒன்றோடு முற்றத்துக்குப் போனோம். பகல் 12.15 இருக்கும். நிழல் எந்தப் பக்கம் விழும் என்று கேட்டேன். அரைவாசிப் பேர் வடக்கு என்றார்கள். (எனக்கும் உள்ளுக்குள் தயக்கம்தான்.) விழுந்தது தெற்கே, ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாக. "சூரியன் உச்சம் கொடுக்கும்" என்று ஏப்பிரலில் செய்தி சொல்வார்களே, அப்போது எங்கள் தலைக்கு மேலாக வடக்கே போன சூரியன் இன்னும் அங்கேதான் நிற்கிறது. ஓகஸ்ட் கடைசியில்தான் திரும்பவும் உச்சிக்கு வரும். யூன் 21 இல் இதே தடிக்கு நிழல் 24 சதமமீற்றருக்கு மேல் இருந்திருக்கும் என்றேன். கேள்வி கேட்டவள் அடிமட்டத்தை வைத்து அளந்தாள். 20.

"அப்ப திரும்பி வரத் தொடங்கியிட்டுது" என்றாள்.

இதைப் பார்க்க விரிவுரையாளர் வரவில்லை. அவருடைய குறிப்பில் இருந்தது முதல்நாள் கதைதான்: விடயத் தெளிவு போதாது. உண்மைதானே.

பலாவிலைக் கட்டை எல்லோரும் மறந்துபோனோம், அது மேசைக்குக் கீழே கிடந்து வாடிவிட்டது. பெற்றோர் காய்ச்சிக்கொண்டு வந்த கூழை பிளாஸ்ரிக் கோப்பையில்தான் குடித்தோம்.