தம்பி பயிற்சிக்குப் போகிறானாம்

கேள்வி: அண்ணா, எனக்கு 29 வயது. டோர்ட்முண்டில் அப்பா அம்மாவுக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிறேன். தம்பிக்கு 23. மின்வேலையில் அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்கல்வி முடித்து நல்ல கொம்பனியில் நிற்கிறான். சின்ன வயதிலிருந்தே ட்ரம்ஸ் பைத்தியம். மூன்று ஜேர்மன் பெடியன்களோடு ரொக் குழு வைத்திருக்கிறான். அடுத்த மாதம் சம்பளமில்லாத விடுப்பு எடுத்துக்கொண்டு 17 நாளில் 13 ஊர் சுற்றப் போகிறார்கள். வீட்டில் ‘கொம்பனிப் பயிற்சி’ என்று சொல்லி வைத்திருக்கிறான். உண்மை எனக்கு மட்டும்தான் தெரியும். ‘அங்கே சோறு கிடைக்குமோ’ என்று அம்மா இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டார். குடி, கஞ்சா என்று படங்களில் பார்த்ததைத் தவிர எனக்கும் ஒன்றும் தெரியாது. அந்த வாழ்க்கை உண்மையில் எப்படி? நான் வீட்டில் சொல்லிவிடட்டுமா? ஊர்ப் பட்டியலை இணைத்திருக்கிறேன். கடைசிக் கச்சேரி பொகூமில், எங்கள் வீட்டிலிருந்து அரை மணித்தியாலம்.

– பெயர் வேண்டாம், டோர்ட்முண்ட்

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தைவிட அந்த ஊர்ப் பட்டியலைத்தான் நான் கூடுதல் நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமியார் மருமகள் கேள்விகளுக்குப் பதில் எழுத வருவதற்கு முன், ஒன்பது வருஷம் இங்கத்தைய ரொக் குழுக்களுக்கு வான் ஓட்டி, சவுண்ட் பார்த்துத் திரிந்தவன் நான். பட்டியலைக் கண்டதும் கை தானாக வரைபடத்தைத் திறந்துவிட்டது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் படத்தில் பார்த்த விஷயத்தை முடித்துவிடுவோம். பியர் இருக்கும். மேடைக்குப் பின்னாலுள்ள அறையில் ஒரு குளிர்சாதனப் பெட்டி நிறைய, அதுவும் இலவசமாக இருக்கும். கஞ்சாவும் கண்ணில் படும். 2024 ஏப்ரலிலிருந்து 18 வயது தாண்டியவர்கள் 25 கிராம் வரை கையில் வைத்திருப்பது இந்த நாட்டில் குற்றமில்லை. அந்த அளவு வாய்ப்பு டோர்ட்முண்டில் வெள்ளிக்கிழமை இரவும் அவனுக்கு இருக்கிறது. மற்றபடி இந்த அளவுக் குழுவுக்குக் கூத்தடிக்க நேரமும் இல்லை, காசும் இல்லை. நான் பார்த்த டூர் வாழ்க்கையில் முக்கால்வாசி காத்திருப்பது, மிச்சம் பாரம் தூக்குவது.

காலை பத்து மணிக்கு யாரோ ஒருவர் எல்லோரையும் திட்டி எழுப்புவார். கீழே ஒன்பது இருக்கை வான் நிற்கும். கடைசி வரிசை இருக்கையைக் கழற்றிவிட்டு அங்கே ஆம்ப்ளிஃபையர், ட்ரம்ஸ் பெட்டிகள், விற்கிற டீ-சேர்ட் பெட்டி எல்லாம் அடுக்கியிருப்பார்கள். மூன்றரைத் தொன் வரை சாதாரண கார் லைசென்ஸ் போதும் என்பதால்தான் சின்னக் குழுக்கள் எல்லாம் இந்த வானில் திரிகின்றன. பெரிய ஆட்களுக்கு நைட்லைனர் என்கிற படுக்கை பஸ்ஸும் தனிச் சாரதியும் வரும். அதில் காலை முன்பக்கம் நீட்டித்தான் படுக்க வேண்டும், சாரதி திடீரென்று பிரேக் போட்டால் கழுத்து தப்ப வேண்டுமே. உங்கள் தம்பிக்கு அந்தக் கவலை இன்னும் சில வருஷத்துக்கு இல்லை.

அப்புறம் மூன்று நான்கு மணித்தியாலம் அவுட்டோபான். வேகத்துக்கு எல்லையில்லாத வீதி என்று உலகமே பேசும். வானுக்குப் பின்னால் ஒரு இழுவைப் பெட்டியைக் கொளுவினால் 80 கிலோமீட்டர்தான், தனி அனுமதி எடுத்து ஒட்டியிருந்தால் 100. பின்னேரம் நான்கு மணிக்கு மண்டபத்தின் பின்கதவு. அங்கே தூக்கல் தொடங்கும். குழுவிலேயே முதலில் பொருத்தத் தொடங்குபவனும் கடைசியாகக் கழற்றி முடிப்பவனும் ட்ரம்ஸ்காரன்தான், அதனால் உங்கள் தம்பிக்குத்தான் வேலை கூட. பிறகு சவுண்ட்செக், கச்சேரிக்கு முன் சத்தத்தைச் சரிபார்ப்பது. கால் ட்ரம்மை மட்டும் ஐந்து நிமிஷம் இடைவிடாமல் அடிக்கச் சொல்லுவார்கள். சொல்லுகிற ஆள் நானாக இருந்தேன், ட்ரம்ஸ்காரர்கள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. தனியாக வாசித்தால் ஒரு மணித்தியாலம் மேடை, இன்னொரு குழுவுக்கு முன்னால் என்றால் அரை மணித்தியாலம். வியர்வை காய்வதற்குள் டீ-சேர்ட் மேசைக்கு ஓட வேண்டும். ஒரு மணிக்கு வானில் ஏற்றி முடித்து, மண்டபத்துக்கு மேல்மாடியில் இரட்டைத் தட்டுக் கட்டில்கள் போட்ட அறையில் படுக்கை. நான்கு பேரில் ஒருவர் கட்டாயம் குறட்டை.

இது எவ்வளவோ மேல். பீட்டில்ஸ் 1960 ஆகஸ்டில் முதல்முறை ஹம்பேர்க் வந்தபோது, பாம்பி கீனோ என்ற சினிமாக் கொட்டகையில், திரைக்குப் பின்னால், கழிப்பறைக்குப் பக்கத்தில் இருந்த அறைகளில்தான் படுத்தார்கள். ஜோர்ஜ் ஹரிசனுக்கு அப்போது 17 வயது. அது வெளியே தெரியவந்து, நவம்பரில் ஆளை நாட்டைவிட்டே அனுப்பிவிட்டார்கள்.

அம்மாவின் சோற்றுக் கேள்வி. ஜேர்மனியில் வெளிநாட்டுக் குழுக்கள் விரும்பி வாசிப்பதற்கு ஒரு காரணமே சாப்பாடுதான். மத்தியானம் பாணும் சீஸும், இரவு சூடாக ஒரு சாப்பாடு, பிறகு படுக்கை. சின்ன மண்டபம் என்றாலும் இதைக் கொடுப்பது இங்கே வழக்கம். இந்த மண்டபங்களில் பல, நகரசபை உதவியோடு நடக்கிற இளைஞர் மையங்களும் சமூகப் பண்பாட்டு மையங்களும். லைப்சிக்கில் கொன்னே ஐலண்ட் 1991 முதல் அப்படித்தான் நடக்கிறது. சில இடங்கள் ஒருகாலத்தில் வேறு எதற்கோ கட்டப்பட்டவை. வீஸ்பாடனில் ஷ்லாக்ட்ஹோஃப், பெயரிலேயே இறைச்சிக்கூடம். பொகூமில் ட்செஹெ, பழைய நிலக்கரிச் சுரங்கக் கட்டிடம். பேர்லினில் எஸ்ஓ36 என்பது அந்தப் பகுதியின் பழைய தபால் எண், தென்கிழக்கு 36. சமையல் பெரும்பாலும் ஒரு பெரிய பானை, பாலும் முட்டையும் சேராதது. கிழமைக்கு இரண்டு தரம் தேங்காய்ப்பாலில் கடலை போட்டு ‘கறி’ என்று வைப்பார்கள். உப்பு இருக்கும், உறைப்பு இருக்காது. தம்பியின் பையில் ஒரு சின்னப் போத்தல் மிளகாய்த்தூளை வைத்துவிடுங்கள். நான் கொண்டுபோன போத்தலைக் குழுவே காலி செய்தது.

காசு? என் காலத்தில் இந்த அளவுக் குழுவுக்கு ஓர் இரவுக்கு 150 யூரோ கிடைத்தால் சந்தோஷப்படுவோம். அது வான் வாடகைக்குப் போகும். டீசலுக்கு டீ-சேர்ட் விற்ற காசு. டூர் முடிந்து வானைக் கூட்டும்போது இருக்கைக்கு அடியில் உருளுகிற போத்தல்கள், பியர்ப் போத்தலுக்கு 8 சென்ட், பிளாஸ்டிக்குக்கு 25 சென்ட், கடைசி நாள் காலைக் கோப்பி அதில்தான். தம்பி லாபத்தோடு வருவான் என்று எதிர்பார்க்காதீர்கள். கையைக் கடிக்காமல் வந்தாலே நன்றாக ஓட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். பாட்டுகள் அவர்கள் சொந்தமாக எழுதியவை என்றால், பாட்டுரிமைச் சங்கமான கேமாவில் பதிந்திருக்கிறார்களா என்று மட்டும் கேளுங்கள். பதிந்திருந்தால், வாசித்த பாட்டுப் பட்டியலைக் கொடுத்து வைத்தால் பின்னால் ஒரு சிறு தொகை வரும். இந்த வயதில் யாரும் அந்தப் படிவத்தை நிரப்புவதில்லை.

மருத்துவக் காப்புறுதியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அப்பா கேட்பார். சம்பளமில்லாத விடுப்பு ஒரு மாதத்தைத் தாண்டாத வரை கொம்பனி வழியான காப்புறுதி அப்படியே நிற்கும். 17 நாளுக்குப் பிரச்சினை இல்லை. எப்போதாவது இதையே முழுநேரத் தொழிலாக்கினால் வில்ஹெல்ம்ஸ்ஹாஃபனில் கலைஞர்களுக்கான சமூகக் காப்புறுதி நிதி ஒன்று இருக்கிறது, எல்லோரும் கா-எஸ்-கா என்பார்கள். சுயதொழில் கலைஞர் பாதி கட்டினால் போதும், மற்றப் பாதி அரசிடமிருந்தும் கலைஞர்களுக்குக் காசு கொடுத்து வேலை வாங்குகிற நிறுவனங்களிடமிருந்தும் வருகிறது. கலையால் வருஷத்துக்கு 3,900 யூரோவுக்கு மேல் உழைக்க வேண்டும் என்பது நிபந்தனை, புதிதாகத் தொடங்குபவர்களுக்கு முதல் மூன்று வருஷம் அதிலும் விலக்கு. இப்போதைக்கு அவன் மின்வேலையை விடக்கூடாது என்பதுதான் என் எண்ணம். ஆனால் ‘காப்புறுதியே இல்லாத தொழில்’ என்று யாராவது சொன்னால் அது தவறு.

சரி, பட்டியலுக்கு வருகிறேன். எட்டாம் நாள் ஹம்பேர்க், ஒன்பதாம் நாள் மியூனிக் என்று இருக்கிறது. 780 கிலோமீட்டர். இழுவைப் பெட்டியோடு நிற்காமல் ஓடினாலே பத்து மணித்தியாலம் ஆகும். நான்கு மணிக்கு மியூனிக்கில் பின்கதவுக்குப் போக வேண்டுமென்றால் விடிய ஐந்து மணிக்கு ஹம்பேர்க்கை விட வேண்டும். ஹம்பேர்க் கச்சேரி இரவு இரண்டு மணிக்கு முன் யாரும் படுக்கப் போவதில்லை. கஞ்சாவுக்குப் பயப்படாத நான் இந்த ஒரு வரிக்குப் பயப்படுகிறேன். இந்த வாழ்க்கையில் ஆளைக் கொல்லக்கூடிய ஒன்று இருக்கிறதென்றால் அது நித்திரையில்லாமல் வான் ஓட்டுவது. ‘தூங்கவில்லை, கண்ணை மூடித் திறந்தேன்’ என்று சொன்ன சாரதியின் பக்கத்து இருக்கையில் ஒருமுறை நான் இருந்தேன். கசெலுக்குப் பக்கத்தில், தடுப்புக் கம்பியிலிருந்து ஒரு முழம் தள்ளி.

இதைத் தம்பியிடம் நேரே கதையுங்கள். உங்கள் பயமாகச் சொல்ல வேண்டாம், பழைய வான் சாரதி ஒருவன் கேட்டான் என்று சொல்லுங்கள். கச்சேரி முடிந்த இரவில் யாரும் ஓட்டக்கூடாது. அடுத்த நாள் ஓட்டப்போகிற இரண்டு பேர் முதல்நாள் குடிக்கக்கூடாது. இழுவைப் பெட்டி இல்லாமல் சமாளிக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் மியூனிக் மண்டபத்துக்கு இப்போதே எழுதி ஆறு மணிக்குத்தான் வருவோம் என்று கேட்டுவைக்கலாம், முன்கூட்டிக் கேட்டால் அநேகமாக ஒத்துக்கொள்வார்கள். எதுவும் சரிவராவிட்டால் ஒரு கச்சேரியை விடட்டும்.

இரண்டாவது, காது. இங்கே பார்வையாளர் பகுதியில் அரை மணித்தியாலச் சராசரி 99 டெசிபெலைத் தாண்டக்கூடாது என்று தரவிதி இருக்கிறது. அது பார்வையாளருக்கு. சிம்பல் என்கிற உலோகத் தட்டுக்கு அரை மீட்டரில் உட்கார்ந்திருப்பவனை எந்த அளவுகோலும் காப்பாற்றாது. காதுக்கருவிக் கடைக்குக் கூட்டிப்போய் அச்செடுத்துச் செய்கிற இசைக்காரர் காதடைப்பு ஒரு சோடி வாங்கிக் கொடுங்கள். 150 யூரோ அளவில் வரும். செய்ய நாளெடுக்கும், இந்தக் கிழமையே போங்கள். என் இடது காதில் பதினொரு வருஷமாக ஒரு பழைய தொலைக்காட்சிப் பெட்டி கீச்சிட்டுக்கொண்டிருக்கிறது.

இன்னொன்று, அடையாள அட்டை எப்போதும் சட்டைப்பையில் இருக்கட்டும். நான்கு பேர் இருக்கிற வானை இரவில் பொலிஸ் மறித்தால் முதலில் யாரிடம் அட்டை கேட்பார்கள் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. எனக்கு அது பழகிப்போனது. அவனுக்குப் பழகாமல் இருக்கலாம், கோபத்தில் வாய் விடாமல் இருந்தால் ஐந்து நிமிஷத்தில் விட்டுவிடுவார்கள்.

இனி உங்கள் கேள்வி. வீட்டில் நீங்கள் சொல்ல வேண்டாம். அது அவனுடைய பொய், அவன்தான் கழற்ற வேண்டும். நீங்கள் சொன்னால் அப்பாவின் கோபத்தில் பாதி ‘உனக்கும் தெரியுமா’ என்று உங்கள் பக்கம் திரும்பும், பிறகு தம்பி உங்களிடமும் எதையும் சொல்லமாட்டான். ஆனால் பதின்மூன்று ஊரிலும் சுவரில் ஒட்டப்போகிற ஒரு விஷயத்தை ரகசியம் என்று அவன் நினைப்பது எனக்குச் சிரிப்பாக இருக்கிறது. ஹம் நகரத்து அம்மன் கோயிலில் யாராவது ஒரு அன்ரியின் மகள் தன் போனில் படத்தைக் காட்டினால் கதை முடிந்தது. அதனால் தம்பிக்கு ஒரு தவணை கொடுங்கள்: வெளிக்கிடுவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைக்குள் அவனே அப்பாவிடம் சொல்ல வேண்டும். நீங்கள் பக்கத்தில் இருங்கள், வாயைத் திறக்காமல்.

அப்பா கத்துவார். கத்தட்டும். பொகூம் கச்சேரி அன்று அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், ஆனால் இரவு ஒன்பது மணிக்கு இல்லை. அந்த இருட்டும் சத்தமும் அவர் நினைத்ததெல்லாம் சரி என்றுதான் அவருக்குக் காட்டும். பின்னேரம் நான்கு மணிக்குப் பின்கதவுக்குக் கூட்டிப்போங்கள். மகன் பெட்டி பெட்டியாகத் தூக்கி, விரித்து, முறுக்கி, கேபிளைச் சுருட்டி, மின்பெட்டியில் எது எந்தக் கட்டம் என்று பார்த்துச் செருகுவதை அவர் பார்க்கட்டும். இங்கே வந்த ஆட்களில் கைவேலை செய்யாத அப்பா குறைவு, உங்கள் அப்பாவும் அப்படித்தான் இருப்பார் என்று நினைக்கிறேன். பத்து நிமிஷம் கைகட்டி நிற்பார். பிறகு ‘அந்தப் பெட்டிக்கு ஏன் ஒரு சில்லு இல்லை’ என்று ஏதாவது கேட்பார். அதற்கு மேல் அன்றைக்கு ஒன்றும் எதிர்பார்க்க வேண்டாம். கச்சேரிக்கு நிற்பதும் வீட்டுக்குப் போவதும் அவர் விருப்பம்.

பொகூம் முடிந்து வீட்டுக்கு வந்தால் இரண்டு மூன்று நாள் முகம் தொங்கியிருப்பான், பேசமாட்டான். எல்லோருக்கும் அப்படித்தான் வரும், போய்விடும். ‘வேலைக்குப் போக மனமில்லையோ’ என்று மட்டும் யாரும் கேட்காதிருந்தால் நல்லது.

அம்மா பொகூமுக்குச் சோறு கட்டித்தருவேன் என்று நிற்பார். வேண்டாமென்று சொல்லாதீர்கள், நான்கு பேருக்கும் சேர்த்துக் கட்டச் சொல்லுங்கள். குழுவில் யார் இறைச்சி, முட்டை, பால் தொடாதவர் என்று தம்பியிடம் முன்கூட்டியே கேட்டுவையுங்கள். கட்டாயம் ஒருவர் இருப்பார், அநேகமாக பேஸ் கிட்டார்காரர்.