பணம் கொடுத்து இளைத்தவள்

வணக்கம் சார்,

நான் செம்பூரில் வசிக்கிறேன். வங்கி வேலை, தினமும் லோக்கல் ரயில். சென்ற ஆண்டு எடை குறைப்பதற்காக ஸ்லீவ் என்னும் இரைப்பையைச் சிறிதாக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். 40 கிலோவுக்கு மேல் குறைந்திருக்கிறேன்.

இப்போது எனக்குக் கிடைக்கும் சந்தோஷங்களைச் சொன்னால் சிரிப்பீர்கள். ரயிலில் ஃபோர்த் சீட்டில் உட்காருகிறேன். கால்மேல் கால் போட முடிகிறது. எலிஃபெண்டா தீவில் குகைக்கோயிலுக்குப் படியேறினேன், முன்பு குடும்பத்தோடு போனபோது அடியிலேயே உட்கார்ந்து எல்லோருடைய பைகளுக்கும் காவல் இருந்தவள் நான். என் கால் நகத்தை நானே வெட்டிக்கொள்கிறேன்.

இரண்டு விஷயங்கள் உறுத்துகின்றன. ஒரு கல்யாண வீட்டில் என் நாத்தனார், "இவள் பணம் கொடுத்து இளைத்தவள்" என்றார். கஷ்டப்படாமல் கிடைத்ததைக் கொண்டாடலாமா? இன்னொன்று, போன வாரம் ரயிலில் பருமனான பெண் ஒருவர் உட்கார்ந்திருந்ததால் எனக்கு நான்காவது இடம் கிடைக்கவில்லை. 'கொஞ்சம் இளைத்தால்தான் என்ன' என்று நினைத்துவிட்டேன். அன்று முழுக்க என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

ச., செம்பூர், மும்பை

அன்புள்ள ச.,

சிரிக்கவில்லை. நகம் வெட்டிக்கொண்டதை ஏன் கடைசியில் தள்ளினீர்கள் என்றுதான் கேட்கத் தோன்றியது. தன் பாதம் தன் கைக்கு எட்டாதவர் வீட்டில் யாரிடமாவது காலை நீட்ட வேண்டும். கேட்கக் கூசி, நகத்தை வளரவிட்டு, மூடிய செருப்புக்குள் ஒளித்து வைத்திருந்த ஒருவரை எனக்குத் தெரியும். உங்கள் பட்டியலில் நான் முதலிடம் கொடுப்பது அதற்குத்தான்.

ஃபோர்த் சீட் பற்றி மும்பைக்கு வெளியே இருக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. லோக்கலின் இரண்டாம் வகுப்பில் ஒரு பெஞ்சில் மூன்று பேர் உட்காரலாம். "தோடா சர்க்கோ" என்றால் மூவரும் ஓர் அங்குலம் நகர்வார்கள். கிடைத்த விளிம்பில் பாதி உடம்பை வைத்து, மீதியை நடைவழியில் தொங்கவிட்டு, ஒரு காலை ஊன்றிக்கொள்ள வேண்டும். அதை சீட் என்பது மரியாதைக்காக. குர்லாவில் யாராவது இறங்கினால் உள்ளே நகர்ந்து முழு இருக்கைக்குப் பதவி உயர்வு பெறலாம். பருமனானவர் "சர்க்கோ" என்று கேட்பதே அரிது. கேட்டால் மூன்று ஜோடிக் கண்களும் தலையிலிருந்து இடுப்புவரை அளக்கும். அந்த அளவெடுப்பிலிருந்து உங்களுக்கு விடுதலை கிடைத்திருக்கிறது. கொண்டாடத் தகுந்த விஷயம்தான்.

எலிஃபெண்டா விஷயத்தில் ஒரு சின்னக் குறை. 120 படி ஏறியிருக்கிறீர்கள். மேலே குகைக்குள் மூன்று முகத்தோடு ஏறக்குறைய 18 அடி உயரத்துக்கு நிற்கும் சிவனைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே! புரிகிறது, அன்று நீங்கள் பார்க்கப் போனது படிக்கட்டை. பைகளோடு அடியில் உட்கார்ந்திருப்பவரிடம் டோலிக்காரர்கள் மாறிமாறி வந்து "போகலாமா" என்று கேட்டிருப்பார்கள். அந்தப் பழைய கணக்கைத் தீர்க்கத்தான் ஏறியிருப்பீர்கள். சிவனுக்காக இன்னொரு முறை போய்வாருங்கள். திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், குகைக்கு விடுமுறை.

நாத்தனாருக்கு வருவோம். பணம் கொடுத்தது உண்மைதானே, மறுக்க என்ன இருக்கிறது? அந்தப் பணத்துக்கு இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்தார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோனில் பெரும்பகுதி சுரக்கும் இடமும் அதோடு போனது. மருத்துவர் செய்தது அவ்வளவுதான். ஒவ்வொரு வாயையும் கூழாகும்வரை மெல்வது, சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காமல் இருப்பது, சோற்றுக்கு முன் பருப்பையோ முட்டையையோ முடிப்பது, ஆயுள் முழுக்க விட்டமின் மாத்திரை, இரத்தப் பரிசோதனை எல்லாம் உங்கள் பொறுப்பு. முதல் சில மாதங்களில் கொத்துக் கொத்தாக முடி கொட்டியிருக்கும், அதைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. மாட்டுங்கா ரயில் நிலையத்துக்கு எதிரே 1942 முதல் நடக்கும் ராமா நாயக் ஹோட்டலில், அளவில்லாச் சாப்பாட்டுக்குப் பணம் கட்டிவிட்டு வாழையிலை முன்னால் நான்கு கவளத்தோடு எழுந்திருப்பது லேசான காரியமா? நாத்தனாரை ஒருநாள் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

இப்படி நீங்கள் பட்ட பாட்டை நான் வரிசைப்படுத்துவதே ஒருவகையில் நாத்தனாரின் வாதத்துக்கு இணங்கிப்போவதுதான். பாடுபட்டவருக்கு மட்டும்தான் மகிழ்ச்சி என்ற விதியை யார் போட்டது? பழனியில் படியேறிப் போனவருக்கும் விஞ்சில் போனவருக்கும் காட்சி தருவது ஒரே தண்டாயுதபாணிதான். உடம்பு விஷயத்தில் மட்டும் நம்மவர்களுக்கு எப்போதும் ஒரு நேர்த்திக்கடன் வேண்டியிருக்கிறது. பட்டினி கிடந்து இளைத்தால் கைதட்டுவார்கள், மயக்க மருந்து வாங்கிக்கொண்டு இளைத்தால் ஏமாற்று வேலை என்பார்கள். சிகிச்சை உங்களுக்குச் சுலபமாகவே இருந்திருந்தாலும் என் பதில் மாறாது.

அந்த ரயில் பெண்ணைப் பற்றி நீங்கள் எழுதியதை மட்டும் பலமுறை படித்தேன். 'இளைத்தால்தான் என்ன' என்பது உங்களுக்குப் புதிய வாக்கியமா? பல வருடங்கள் மற்றவர்கள் உங்களிடம் சொன்னது, பிறகு கண்ணாடி முன் நீங்களே சொல்லிக்கொண்டது. மனப்பாடமானது வாய்க்கு வருவதில் அதிசயமில்லை. ஆனால் கணக்கு தப்பு. அது மூன்று பேர் பெஞ்ச். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர் உங்கள் இடத்தை எடுத்துக்கொள்ளவில்லை. நான்காவது இடம் உரிமை இல்லை, மற்ற மூவர் தருகிற சலுகை. சலுகை ஒருநாள் கிடைக்கும், ஒருநாள் கிடைக்காது.

அவரை மறுபடி பார்க்க நேர்ந்தால் உங்கள் மருத்துவரின் எண்ணை நீட்டிவிடாதீர்கள். அவர் கேட்டால் சொல்லலாம். இந்தச் சிகிச்சை யாருக்குத் தேவை, யாருக்குக் கூடாது என்பதை எடை, சர்க்கரை, மற்ற நோய்கள் எல்லாவற்றையும் பார்த்து மருத்துவர் சொல்ல வேண்டும். நீங்கள் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே போங்கள். செம்பூரிலிருந்து கடைசி நிலையமான சி.எஸ்.எம்.டி. வரை நிற்பதும் உங்கள் முழங்காலுக்குப் புதிதாகக் கிடைத்ததுதானே.