மறுமொழி: மணிலா ஜேசீஸ் வரலாற்றை எங்கிருந்து தொடங்குவது?

வணக்கம் நண்பரே. பிலிப்பைன்ஸ் தலைநகரின் இளைஞர் சேவை அமைப்பான மணிலா ஜேசீஸ் பற்றி எழுத உட்கார்ந்தால் தலைவர்கள் பெயர்தான் சேர்கிறது, கதை வரவில்லை என்கிறீர்கள். அங்கே ஒருவர் ஒரு வருடம்தான் தலைவர். 40 வயதோடு உறுப்பினர் காலமும் முடிந்துவிடும். பட்டியல் நீளத்தான் செய்யும். சரி, அதை ஓரமாக வையுங்கள்.

1945-இலிருந்து தொடங்குங்கள். இரண்டாம் உலகப் போரின் அந்தப் பிப்ரவரி, மார்ச் சண்டையில் மணிலா தரைமட்டமானது. சுமார் ஒரு லட்சம் பொதுமக்கள் மாண்டார்கள். அடுத்த வருடம் ஜூலை 4 அன்று பிலிப்பைன்ஸுக்கு அமெரிக்காவிடமிருந்து சுதந்திரம். அப்புறம் 1947-இல் ரமோன் டெல் ரோசாரியோ இந்த அமைப்பைத் தொடங்கினார். ஆசியாவின் முதல் ஜேசீஸ் கிளை அதுதான். ஜேசீஸின் உலகத் தலைவரான முதல் ஆசியரும் அவரே. இடிபாட்டு நகரத்து இளைஞர்கள் கூடி வேலையில் இறங்கிய அந்தக் காட்சியை அவசரப்படாமல் எழுதுங்கள்.

'அமெரிக்க இறக்குமதிதானே' என்று கேட்டிருந்தீர்கள். வடிவம் 1915-இல் செயின்ட் லூயிஸில் பிறந்தது, உண்மை. ஆனால் பிலிப்பைன்ஸ் கிராமங்களில் பயனிஹான் என்று ஒரு வழக்கம் உண்டு. இடம் மாறும் குடும்பத்தின் ஓலை வீட்டுக்கு அடியில் மூங்கில்களைக் கொடுத்து, அக்கம்பக்கத்தார் வீட்டையே தோளில் தூக்கிப் போவார்கள். அந்த மண்ணில் இந்த விதை முளைத்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

1959-இல் பிலிப்பைன்ஸ் ஜேசீஸ் தொடங்கிய 'பத்துச் சிறந்த இளைஞர்கள்' விருதுக்குத் தனிப் பத்தி கொடுங்கள். மூத்த உறுப்பினர் யாராவது கிடைத்தால், பதவிகளைக் கேட்காமல், கையால் செய்த ஒரு வேலையைக் கேளுங்கள்.