எதிரொலியைத் தாங்குவது எது? டிஜிட்டல் டிவி முறைகள் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: சார், அமெரிக்காவின் ஏடிஎஸ்சி, ஐரோப்பாவின் டிவிபி-டி, ஜப்பானின் ஐஎஸ்டிபி-டி என்ற மூன்று டிஜிட்டல் டிவி முறைகளில் எதற்கு ரிசப்ஷன் நன்றாக இருக்கும்? ஒரே வார்த்தையில் சொல்லுங்களேன்.

பதில்: ஒரே வார்த்தையில் சொன்னால் தவறாகிவிடும். சிக்னல் உங்கள் ஆன்டெனாவுக்கு எந்த வழியாக வந்து சேர்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். ஆன்டெனா மொட்டை மாடியில் இருக்கிறது, குறுக்கே எதுவும் இல்லை, தூரம் மட்டும்தான் அதிகம் என்றால் ஏடிஎஸ்சியின் 8-விஎஸ்பி மாடுலேஷன், அதாவது டேட்டாவை அலையில் ஏற்றும் முறை, முந்திக்கொள்ளும். 6 மெகாஹெர்ட்ஸ் சேனலில் நொடிக்கு 19.39 மெகாபிட் அனுப்புகிறது; இரைச்சலைவிட சிக்னல் 15 டெசிபல் மேலே நின்றாலே படம் வந்துவிடும். அதே 6 மெகாஹெர்ட்ஸில் டிவிபி-டி, 64-க்யூஏஎம் மாடுலேஷனில், 2/3 கோட் ரேட்டில் (மூன்றில் இரண்டு பங்கு டேட்டா, மீதி பிழை திருத்த) 18.1 மெகாபிட் தரும். ஏட்டுக் கணக்கிலேயே அதற்கு 16.5 டெசிபல் வேண்டும். கட்டடங்களுக்கு நடுவே, அறைக்குள் சின்ன ஆன்டெனா என்றால் ஆட்டமே மாறிவிடும்.

பிட் ரேட் சமமாக இல்லாத ஒப்பீட்டை நம்பவே நம்பாதீர்கள். பிட் ரேட்டைக் குறைத்து உறுதியைக் கூட்டும் 16-க்யூஏஎம்மில் ஓடும் டிவிபி-டியை 8-விஎஸ்பிக்குப் பக்கத்தில் நிறுத்தி “இதுதான் ஜெயித்தது” என்று அறிவிப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

கேள்வி: கட்டடம் இருந்தால் என்ன ஆகும் அண்ணா? அனலாக் காலத்தில் படத்தில் நிழல் விழும், அவ்வளவுதானே?

பதில்: நல்ல கேள்வி, இதுதான் மொத்த விஷயத்துக்கும் மையம். 8-விஎஸ்பி ஒற்றைக் கேரியரில் (டேட்டாவைச் சுமக்கும் அலை) நொடிக்கு 1.076 கோடி சிம்பல்களை, அதாவது டேட்டாத் துணுக்குகளை, ஒன்றன்பின் ஒன்றாக அனுப்புகிறது. ஒரு சிம்பலின் நீளம் 93 நானோ செகண்ட்தான். அதற்குள் அலை கிட்டத்தட்ட 28 மீட்டர் போகும். சுவரில் பட்டுத் திரும்பி 300 மீட்டர் சுற்றி வரும் எதிரொலி 1 மைக்ரோ செகண்ட் தாமதமாக வரும். அதற்குள் பத்துக்கு மேற்பட்ட சிம்பல்கள் கடந்துவிட்டிருக்கும். அந்தக் கலவையைப் பிரித்தெடுப்பது ரிசீவருக்குள் இருக்கும் ஈக்வலைசரின் வேலை. அது திணறினால் படம் போய்விடும். அனலாகில் நிழலோடாவது பார்க்கலாம். டிஜிட்டலில் வந்தால் முழுதாக வரும், இல்லையென்றால் ஒன்றுமே இருக்காது.

டிவிபி-டி வேறு வழியில் போகிறது. 8கே மோடில் 6,817 கேரியர்கள் சுமையைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒவ்வொன்றும் மெதுவாக நடந்தால் போதும். 8 மெகாஹெர்ட்ஸ் சேனலில் ஒரு சிம்பல் 896 மைக்ரோ செகண்ட் நீளம். அதற்கு முன்னால், எதிரொலி வந்து அடங்குவதற்காக, 224 மைக்ரோ செகண்ட் வரை காவல் இடைவெளி விடலாம். 67 கிலோமீட்டர் சுற்றி வந்த எதிரொலிகூட அந்த இடைவெளிக்குள் அடங்கிவிடும். ஆனால் இது இலவசமில்லை: காவல் இடைவெளியை சிம்பல் நீளத்தில் 1/32இலிருந்து 1/4 ஆக்கினால், இந்த 8 மெகாஹெர்ட்ஸ் சேனலில் அதே 64-க்யூஏஎம், 2/3 கோட் ரேட்டின் 24.13 மெகாபிட் 19.91ஆக இறங்கும். எதிரொலியால் சில கேரியர்கள் அமுங்கிப்போவதும் உண்டு. நேர் சிக்னலே இல்லாத இடத்தில் முன்பு சொன்ன 16.5 டெசிபல் 19ஐத் தாண்டுவது அதனால்தான்.

கேள்வி: அமெரிக்காவில் ஒளிபரப்பாளர்களே 8-விஎஸ்பியை எதிர்த்தார்களாமே?

பதில்: ஆமாம். 1999இல் சின்க்ளேர் என்ற ஒளிபரப்பு நிறுவனம் பால்டிமோரில் 8-விஎஸ்பியையும், டிவிபி-டியின் பல கேரியர் முறையான சிஓஎஃப்டிஎம்மையும் அக்கம்பக்கமாக ஓட்டிக் காட்டியது. வீட்டுக்குள் சாதாரண ஆன்டெனாவில் 8-விஎஸ்பி தடுமாறியது. சிஓஎஃப்டிஎம்மையும் அனுமதிக்கக் கேட்ட மனுவை அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்சிசி 2000இல் தள்ளுபடி செய்தது. அன்றைய ரிசீவர்களின் ஈக்வலைசர் பலவீனம். பின்னால் வந்த சிப்கள் நிறையத் தேறின. ஆகவே பழைய சோதனையைப் படிக்கும்போது எந்தத் தலைமுறை ரிசீவர் என்று பாருங்கள். ஆனாலும் ஏடிஎஸ்சியின் புதிய தலைமுறையான ஏடிஎஸ்சி 3.0, பல கேரியர் வழியான ஓஎஃப்டிஎம்முக்கே மாறியது. தென்கொரியா 2017 மே மாதம் அதில் ஒளிபரப்பைத் தொடங்கியது. சிஓஎஃப்டிஎம் கேட்டவர்கள் பக்கம் நியாயம் இருந்தது என்பதே என் கருத்து.

கேள்வி: செட்டாப் பாக்ஸில் ஸ்ட்ரெங்த் 90 காட்டுகிறது, படம் மட்டும் கட்டம் கட்டமாக உடைகிறது. ஏன் சார்?

பதில்: ஸ்ட்ரெங்த் பட்டையை மறந்துவிடுங்கள், குவாலிட்டியைப் பாருங்கள். எதிரொலியும் சேர்ந்துதான் ஸ்ட்ரெங்த்தை ஏற்றிக் காட்டுகிறது. என் ஜன்னலோர ஆன்டெனாவை ஒருமுறை ஒரு சாண் இடப்பக்கம் நகர்த்தினேன். ஸ்ட்ரெங்த் இறங்கியது, குவாலிட்டி ஏறியது, படம் அசையாமல் நின்றது. பூஸ்டர் வாங்குவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள். பூஸ்டர் எதிரொலியையும் சேர்த்தேதான் பெருக்கும்.

கேள்வி: ஃபேன் ஸ்விட்ச் போடும்போதெல்லாம் படம் ஒரு நொடி உறைகிறது.

பதில்: ஸ்விட்சில் தெறிக்கும் தீப்பொறி கிளப்பும் இரைச்சல். கேஸ் லைட்டரை ஆன்டெனா கேபிளுக்குப் பக்கத்தில் ஒரு தட்டு தட்டிப் பாருங்கள், அதே உறைதல் வரலாம். டிவிபி-டியில் டேட்டாவை நேரவாக்கில் நீளமாகக் கலைத்து அனுப்பும் ஏற்பாடு கிடையாது. ஐஎஸ்டிபி-டியில் உண்டு, நூற்றுக்கணக்கான மில்லிசெகண்டுக்குப் பரப்பிவிடுவதால் பொறியின் அடி ஒரே இடத்தில் விழாது. பிரேசிலில் நடந்த ஒப்பீட்டுச் சோதனையிலும் இந்தக் குணம் எடுபட்டது. 2006இல் அவர்கள் அதையே தேர்ந்தெடுத்தார்கள். டிவிபி-டியின் அடுத்த தலைமுறையான டிவிபி-டி2விலும் பிறகு இந்த ஏற்பாட்டைச் சேர்த்தார்கள்.

கேள்வி: பழைய டிவிபி-டி பாக்ஸில் டி2 எடுக்குமா?

பதில்: எடுக்காது. பிழை திருத்தும் கோடே வேறு.

கேள்வி: ஓடும் வண்டியில் பார்க்க?

பதில்: ஐஎஸ்டிபி-டிதான். சேனலை 13 துண்டாக வெட்டி, நடுத்துண்டை மட்டும் உறுதியான மாடுலேஷனில் கைபேசிக்கு ஒதுக்குகிறார்கள். ஜப்பானில் 2006 ஏப்ரலில் தொடங்கிய ஒன்செக் இதுதான். வீட்டு டிவிக்கான மற்ற 12 துண்டும் வழியில் உடைந்துபோனாலும் இந்த ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்.